வேண்டுதல் இல்லாத காவடி

கேட்க எதுவும் இல்லாமல் முருகனுக்குக் காவடி எடுத்தவன் சிங்கப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிள்ளை வேண்டி எடுப்பார்கள், பிணி தீர எடுப்பார்கள், பரீட்சையில் தேறியதற்காக எடுப்பார்கள். நான் வாய்தவறி எடுத்தேன். காவடி எடுப்பதாகச் சத்தம் போட்டு நேர்ந்துகொண்டவன், எதற்காக என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். இத்தனைக்கும் அப்போது படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. சிராங்கூன் ரோடு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து, காவடி எடுப்பவர்களைக் கிண்டல் செய்து நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் எந்த ஊருக்குப் போகிறது என்று நாள் முழுவதும் தட்டச்சு செய்ய வேண்டும். பினாங்கு, ரங்கூன், கொழும்பு என்று ஒவ்வொரு பெட்டிக்கும் போகுமிடம் இருந்தது. தட்டச்சு செய்கிறவனைப் பற்றித்தான் யாரும் எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. வாழ்க்கை எதற்கு என்பது குறித்து என்னிடம் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் நூலகத்தில் இரவல் வாங்கியவை.

அந்த நாட்களில்தான் பயம் வந்தது. எதைக் கண்டு என்று சொல்லத் தெரியாத பயம். காலையில் பல் துலக்கும்போது வரும். வாய் நிறைய நுரையோடு, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மார்பு அடித்துக்கொள்ளும். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்றார். அதைச் சொல்லத்தான் நானும் அவரிடம் போயிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு டிராலி பஸ்ஸில் சிராங்கூன் ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். நடு வழியில் பஸ்ஸின் தலைக்கொம்பு மேலே ஓடும் மின்கம்பியிலிருந்து கழன்றுவிட்டது. பஸ் அப்படியே நின்றது. அடிக்கடி நடப்பதுதான், கண்டக்டர் நீளக் கழியோடு இறங்கி மாட்டிவிடுவார். ஆனால் அன்றைக்கு அந்த நிசப்தத்தில் எனக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. இந்தப் பஸ் இனி நகரவே நகராது, நான் இதற்குள்ளேயே கிழவனாகிச் செத்துப்போவேன் என்று தோன்றியது. அடுத்த கணம் யாரோ கத்தினார்கள்: "முருகா! காவடி எடுக்குறேன்!"

கத்தியது நான்தான்.

பஸ் கிளம்பியது. அக்கா என்னையே பார்த்தாள்.

"என்னடா சொன்னே?"

"ஒண்ணுமில்லக்கா."

"காவடின்னு சொன்னே. பஸ்ஸே கேட்டுச்சு. என்னத்துக்குடா வேண்டிக்கிட்டே?"

"சும்மாதான்."

"சும்மா யாராச்சும் காவடி எடுப்பாங்களா? சரி, வாயில வந்துடுச்சு. இனிமே எடுக்காம விட்டா சாமி குத்தம்."

அன்றே அவள் வீட்டில் மீன் சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டது. எனக்குத் துணையாக அவளும் விரதம், அவள் புருஷனும் விரதம். அத்தான் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், மீனில்லாமல் சோறு இறங்காத மனிதர். அந்த விரத நாட்கள் முழுவதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் விளக்க முடியாது.

காரணம் கேட்காத ஆளில்லை. ஏதோ பெண் விவகாரம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். காசநோய் என்று ஒருவர் எனக்குத் தனி டம்ளர் வைக்கச் சொன்னாராம். என் அறைத்தோழர் ஒருவர்தான் நேராகக் கேட்டார். யாழ்ப்பாணக் குடும்பத்துக் கிறிஸ்தவர், அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா, என் வயதுதான். யாரானாலும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"உண்மையைச் சொல்லும், ஐசே. என்ன கேட்கப் போறீர்?"

"தெரியலை."

"தெரியாமலே நாக்கில ஓட்டை போடப் போறீர்?"

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வேலை உயர்வைக் கேட்கலாமா என்று யோசித்தேன். இன்னும் பெரிய மேசையில் அதே பெட்டிகள். கல்யாணமா? என்னையே என்ன செய்வதென்று தெரியாதபோது இன்னொருத்தியை எதற்கு இழுப்பது? தைப்பூசம் நெருங்க நெருங்க வேல் குத்தும் பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், சந்நிதியில் பால் ஊற்றும் நேரத்தில் என் மனத்துக்குள் ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ என்பது. அப்படி ஒன்றுமே இல்லையென்றால் மறுநாள் காலை எதற்காகப் பல் துலக்குவது?

தைப்பூசத்தன்று, காவடிகள் புறப்படும் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில் வரிசையில் நின்றேன். சாம்பிராணிப் புகையில் அலகு குத்துபவர், "நாக்க நீட்டு தம்பி" என்றார். நாக்கு வர மறுத்தது. "எத்தனை பேரைப் பேசுச்சு, இப்ப வெக்கப்படுது பாரு" என்றார் அத்தான். மீனில்லாத நாட்களுக்கெல்லாம் அன்று அவருக்குக் கணக்குத் தீர்ந்தது. சிறிய வேல்தான். குத்தியபோது வலியைவிட, இனிமேல் கோயில் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேச முடியாது என்பதே என்னை அதிகம் கலக்கியது.

தோளில் மயிலிறகுக் காவடியோடு நடந்தேன். இளைப்பாற உட்கார முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அறைத்தோழர் கூடவே வந்தார். தேவாலயத்து ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். செலிகி ரோட்டில் சீனக் கடைக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது.

தோபி காட் பக்கம் திரும்பியபோது பயம் முழுசாக வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான் டாங்க் ரோட்டு முருகன் கோயில். போய் நின்று என்ன கேட்பது? காது அடைத்தது, பாட்டுச் சத்தம் எங்கோ தூரத்தில் போயிற்று. திரும்பி ஓடிவிட வேண்டும் என்று கால்கள் தாமாகவே பின்னால் நகர்ந்தன. பின்னால் யாரோ 'ஸ்ஸ்' என்றார்கள்.

திரும்பினேன். என்னைவிட ஒரு மடங்கு பெரிய ஆள், பெரிய காவடி. முகம் வெளுத்து, கண்ணில் நீர் கோத்து, ஒரு கால் நடுநடுங்க நின்றிருந்தார். அவர் வாயிலும் வேல். கூட வந்தவர்கள் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள் போலும். ஐயோ, இவனுக்கும் நம் பயம்தான் என்று எனக்குப் புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன்.

எனக்காகப் போடப்பட்ட முக்காலியை அவரிடம் காட்டினேன். உட்கார்ந்தார். அறைத்தோழர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கையமர்த்தினேன். அந்த மனிதர் எழுந்ததும் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். அவர் கால் இழுத்து இழுத்து வந்தது. அவர் நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன், என் கண் அவர் பாதத்தை விட்டு அகலவில்லை. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் முடியாது.

சந்நிதியில் பால் ஊற்றும்போது என் மனம் தானாகச் சொன்னது: இந்த ஆள் விழாமல் வீடு போய்ச் சேரட்டும். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் விரதம் முழுவதையும் பெயர் தெரியாத ஒருவர் காலுக்குச் செலவழித்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் நினைவு வந்தது: அவரோடு நடக்கத் தொடங்கியதிலிருந்து பயம் என்னிடம் வரவேயில்லை.

"கேட்டியாடா?" என்றாள் அக்கா.

வேல் எடுத்த நாக்கோடு தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த தைப்பூசத்திலிருந்து முக்காலி என் கைக்கு வந்தது. முதல் தடவை எடுப்பவர்களோடு நடப்பேன். "இவன் ரொம்பப் பயப்படுறான், நீங்க கொஞ்சம் கூட வாங்கண்ணே" என்று அறை தேடி வருவார்கள். நடுக்கம் எங்கே தொடங்கும், எப்போது முக்காலியைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும், உள்ளிருந்தே தெரியும். என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்றும் சில காலைகளில் வாய் நிறைய நுரையோடு நிற்கிறேன். ஆனால் தை மாதம் வரும், யாராவது கதவைத் தட்டுவார்கள் என்பதால் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

அறுபதுகளில் அறைத்தோழர் கல்யாணமாகிக் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒருநாள் சிராங்கூன் ரோட்டில் தேநீர் குடிக்கும்போது இதையெல்லாம் அவரிடம் சற்று உருக்கமாகவே சொன்னேன். அன்று அந்த மனிதரின் நடுக்கத்தைக் கண்டபோதுதான் நான் எதற்கு என்று எனக்குத் தெரிந்தது என்று முடித்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த மனிசன் பயத்தில நடுங்கேல்லை, ஐசே. நீர் பின்னுக்கு வரேக்க அவற்ற பெருவிரலை மிதிச்சுப்போட்டீர். நகம் பேர்ந்து ரத்தம். அதைத்தான் நான் அண்டைக்குச் சொல்ல வந்தனான், நீர் விடேல்லை. இந்த முறை ஸ்டூலோட கொஞ்சம் பஞ்சும் டிஞ்சரும் கொண்டு போம்."