பெண் பார்க்க இருட்டை அழைத்தவள்

தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற தாளுக்கு ஒரு வாசனை உண்டு. கசப்பும் அடுப்புப் புகையும் கலந்த அந்த வாசனை எங்கிருந்தாவது வந்து மூக்கில் ஏறினால், எனக்கு அத்தையின் பென்சில் எழுத்து கண்முன் நிற்கும், பின்னாலேயே கோபமும் வந்துவிடும். எண்பதை நெருங்குகிற வயதில் இன்னும் என்ன கோபம் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆறாத கோபம் சிலது இருக்கத்தான் செய்கிறது, நான் என்ன செய்ய?

அத்தை என்றால் அப்பாவின் தங்கை, பூங்காவனம். இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும், அவளும் அதோடு நிறுத்திக் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டவள். அது ஐம்பதுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது இருக்கலாம். தேயிலை ஆலையில் வேலை செய்த ஒரு பெண்ணிடம் கிழிந்த பெட்டித்தாள்களை வாங்கி, மடித்துத் தைத்து, துண்டுப் பென்சிலால் அதில் எழுதுவாள். எழுதியதெல்லாம் இருட்டு, பனிமூட்டம், சாவு, யாருமில்லாத பாதை. சந்தோசமாக ஒன்றுகூட எழுத மாட்டீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏழு பேரு படுக்கிற காம்பராவுல நான் தனியா இருக்கேன்னு வாயால சொன்னா சிரிப்பாங்க புள்ள. தாளு சிரிக்காது" என்றாள்.

கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு மற்றப் பெண்கள் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கிவிடுவார்கள், இவள் மட்டும் மேட்டிலிருந்த பெரிய மரத்தடியில் போய் உட்காருவாள். "கொமரிப்புள்ள தனியா ஒக்காருற எடமா அது?" என்று லயத்தில் ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்தது. எனக்கோ அவளைப்பற்றி ஒரே பெருமை, அந்தப் பெருமைதான் கெடுத்தது. ஒரு சனிக்கிழமை மாலை, தகரக்கூரை இடுக்கில் அவள் செருகி வைத்திருந்த தாள்களை எடுத்துக்கொண்டு, பெண்கள் தண்ணீர் பிடிக்கிற "பீலி"க்குப் போனேன். துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோல உரக்கப் படித்தேன்.

"இருட்டே, ஊரு ஒறங்கிருச்சு,
நீயாச்சும் வந்து என்னப் பொண்ணு பாரு."

கைதட்டுவார்கள் என்று பார்த்தேன். குடம் நிரம்பி வழிந்தது, எடுத்து வைக்க ஒருத்திக்கும் கை வரவில்லை. அடுத்த காம்பராப் பெரியம்மா என் கையிலிருந்த தாள்களைப் பிடுங்கிக்கொண்டு, "கன்னிப்புள்ள இருட்டக் கூப்புட்டிருச்சு. கூப்புட்டா அது வராம இருக்குமா?" என்றார்.

கவிதையில் அழைத்ததை அவர்கள் நிஜமாக அழைத்ததாகவே எடுத்துக்கொண்டார்கள், இருட்டு என்ற பெயரில் ஓர் ஆண்பேய் வந்து அவளைப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். இதில் எனக்கு இன்றுவரை பொறுக்காதது அப்பா சொன்னதுதான். தங்கைமேல் உயிரையே வைத்திருந்த மனிதர், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்று, "இத எந்தங்கச்சி எழுதல. அவளுக்கு இப்பிடியெல்லாம் எழுத வராது. உள்ள இருக்கிறதுதான் எழுதுது" என்றார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் ஞாயிறு, வேலையில்லாத நாள், உச்சி வெயிலில் பேயோட்டுகிற கோடாங்கி வந்தான். எங்கள் குளிரில் வேப்பமரம் ஏது, கொய்யா விளாரைத்தான் ஒடித்து வைத்திருந்தார்கள். உடுக்கையை அடித்து, "நீ யாரு?" என்று கேட்டான். "பூங்காவனம்" என்றாள். "பாத்தீங்களா, அவ பேரையே சொல்லி ஏமாத்துது" என்று விளாரை வீசினான். எந்த ஊர் என்று கேட்டான், பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பேரைச் சொன்னாள், அதற்கும் அடி. அந்தக் காலத்தில், இந்திய வம்சாவளி என்று சொல்லிக் குடியுரிமைக் காகிதம் கேட்ட அரசாங்கக் கந்தோர்களிலும் எங்களிடம் இதே கேள்விதான், அங்கேயும் உண்மையைச் சொன்னவரை யாரும் நம்பவில்லை. அத்தைதான் எழுதினாள், நான் கண்ணால் பார்த்தேன் என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்திவிட்டார்.

எத்தனை முறை தன் பேரைச் சொன்னாளோ தெரியாது, அத்தனை முறையும் அடி விழுந்தது. கடைசியில் அவள் நிமிர்ந்து, யாரும் கேள்விப்படாத ஓர் ஆணின் பேரைச் சொன்னாள். ஆற்றோடு போனவன், பெண் பார்க்கப் போகிற வழியில் செத்தவன், குளிருக்கு ஒதுங்க இடமில்லாமல் இவளிடம் வந்தவன் என்று நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள், உடுக்கையும் நின்றது. அவள் கற்பனை செய்து சொன்னதில் அதுதான் கடைசி. பிறகு தலையில் கல்லை ஏற்றி அந்த மரம்வரை ஓடவிட்டார்கள், உச்சிமயிரில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியடித்தார்கள், தாள்களை அதனடியில் போட்டுக் கொளுத்தினார்கள். இரண்டு மாதத்தில் இறம்பொடைப் பக்கம் கட்டிக்கொடுத்தும் விட்டார்கள்.

நான் ஆசிரியையான பிறகு ஒருமுறை அங்கே போய், ஞாபகமிருக்கிற வரிகளைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "நான் எங்க புள்ள எழுதினேன்? அது பேய் எழுதினது. அதத்தான் மரத்துல அடிச்சாச்சே" என்றாள்.

இப்போது அந்த மரம் இல்லை, ரோட்டை அகலமாக்க வெட்டிவிட்டார்கள். பீலி இருந்த இடத்தில் குழாய் நிற்கிறது. அத்தையும் போய்விட்டாள். போன மாதம் ஹட்டனில் ஒரு கூட்டம். கவிதையில் தனிமையும் இருளும் பற்றி வெளியூர்ப் பெரியவர் ஒருவர் பேசினார். இருளைக் காதலிக்கிற மனம் படித்தவர்களுடையது, மலைநாட்டு உழைப்பாளிக்குத் தனிமைப்பட நேரம் ஏது, அவர்களிடம் இருந்தது கூட்டுப்பாட்டுதான் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பா சொன்னதையேதான் இவரும் கொஞ்சம் நல்ல தமிழில் சொல்கிறார். எழுந்து நின்று, மிச்சமிருக்கிற அந்த இரண்டு வரியையும், அன்றைக்குக் கல்லின்மேல் நின்று படித்த மாதிரியே உரக்கச் சொன்னேன்.

மேடையிலிருந்த பெரியவர் என் பக்கம் திரும்பினார். பிறகு அவர், "யார் எழுதியது?" என்று கேட்டார்.

"பூங்காவனம்" என்றேன். இந்தத் தடவை யாரும் அடிக்கவில்லை.