கல்யாணம் ஆகாத மகள்

எங்கள் வீட்டில் பொய் சொல்ல ஆள் நான்தான். அப்பாவுக்கு அது சுத்தமாக வராது. "மூத்தவன் எங்கய்யா?" என்று யாராவது கேட்டால், "திருப்பூர்ல..." என்று ஆரம்பித்துத் திக்குவார், குனிந்து செருப்பைப் பார்ப்பார். நான் குறுக்கே புகுந்து, "பனியன் கம்பெனில சூப்பர்வைசர்! மாசாமாசம் எனக்குப் பாசிமணி வாங்கி அனுப்புது" என்று முடித்துவைப்பேன். எனக்கு அப்போது பத்து வயது. ஆமத்தூரில் பாதிப் பேர் அந்தப் பாசிமணியை நம்பினார்கள். நாளாக ஆக நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

மூத்தவன் என்றது என் அக்காவை. இன்று அக்கா என்று எழுதுகிறேன். அன்று எனக்கு அண்ணன். திருநங்கை என்ற சொல் எங்கள் தெருவுக்கு அப்போது வந்துசேர்ந்திருக்கவில்லை. அதற்கு முன்பே வந்துவிட்ட சொற்கள் எழுதத் தக்கவை அல்ல. பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போன அக்கா, ஒன்றரை வருஷம் கழித்துச் சுடிதாரும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தாள்.

டாக்டரே இல்லாத ஏதோ ஓர் இடத்தில் செய்துகொண்ட ஆபரேஷன், ஆறாமல் சீழ் வைத்துவிட்டது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம், ஒண்ணுக்குப் போய்விட்டு வரும்போது அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள், உதட்டில் பல் பதிந்திருக்கும் என்பதுதான். ஒரு டாக்டர் புண்ணைப் பார்க்காமலே வேறு இடத்துக்குப் போகச் சொன்னார். போன இடத்தில் ஆண்கள் வார்டில் படுக்கச் சொன்னார்கள். எழுந்து நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாம் கட்டிலைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலமே அம்மா அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். அந்த வேடிக்கையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பத்து நாளாக அப்பா அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பதினோராம் நாளும் காய்ச்சல் இறங்காதபோது, தீபாவளி சீசன் நெருக்கடியிலும் அரைநாள் லீவு போட்டார். அப்பா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், சம்பளத்தில் மாசாமாசம் பிடித்துக்கொண்டு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் சிவகாசியில் உள்ள தொழிலாளர் ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கே வைத்தியம். அங்கே பெண்களுக்குத் தனி அறை, பொம்பளை டாக்டர். அம்மாவுக்கு அந்த அறை மேல்தான் கண்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண்மணி அட்டையைப் புரட்டினார்.

"மகன்னு போட்டிருக்கு. பதினெட்டு முடிஞ்சிருச்சே. ஆம்பளப் பிள்ளைக்குப் பதினெட்டு வரைக்குந்தான்."

"பிள்ள நெருப்பாக் கொதிக்குதும்மா. நீங்களே தொட்டுப் பாருங்க" என்றாள் அம்மா.

அவர் தொடவில்லை. ஆனால் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். சுடிதாரை, காதில் கிடந்த தோட்டை, சுவரைப் பிடித்திருந்த கையை. பிறகு யாரிடமோ சொல்வதுபோல், "பொம்பளப் பிள்ளைன்னா கல்யாணம் ஆகுற வரைக்கும் உண்டு. அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டு, கம்பெனி சீல் வாங்கிட்டு வரணும். பன்னெண்டு மணிக்கு அடைச்சிருவேன்" என்று ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்.

அம்மா அதை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா வெகுநேரம் பாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சீல் வேண்டுமென்றால் கம்பெனியில் வாயைத் திறக்க வேண்டும். அங்கே சொல்வது பொழுது சாய்வதற்குள் ஆமத்தூருக்கு வந்துவிடும். கடைசியில் சுவரில் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஏத்தா, வா" என்று என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். தனியாகப் போகத் தைரியம் வரவில்லையோ என்னவோ. பொய்க்குத் துணையாகத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் இரண்டு மூன்று பொய்களைத் தயார் செய்தேன்.

கம்பெனி இருந்தது எம்.புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம். கேட்டில் வாட்ச்மேன் அப்பாவின் சட்டைப்பையைத் தடவி, வத்திப்பெட்டி இல்லை என்று தெரிந்துகொண்டு உள்ளே விட்டார். ஆபீஸ் வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி பாரத்தை வாசித்தார்.

"மகள்னு எழுதிருக்க? சின்னதுதான் இங்கன நிக்குதே. மூத்தவன் திருப்பூர்ல இருக்கான்னு சொன்ன?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் தோளை அழுத்தினார்.

"திருப்பூர்ல யாரும் இல்ல மொதலாளி. மூத்ததும் எனக்குப் பொம்பளப் பிள்ளதான். வீட்டுலதான் இருக்கு, உடம்புக்கு முடியல. இன்னும் கல்யாணம் ஆகல."

லேபிள் ஒட்டிய கைகள் நின்றுவிட்டன. அப்பா திக்கவில்லை. செருப்பைப் பார்க்கவில்லை. காது மடலில் குளித்தும் போகாத பட்டாசு மருந்தின் அலுமினியப் பவுடர் மினுங்க, முதலாளியை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அசந்துபோனேன். என்னுடைய சூப்பர்வைசரும் பாசிமணியும் இதற்கு முன்னால் தூசு.

ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்தவள் பசைக்கையாலேயே அவளை இடித்தாள். முதலாளி சீலை எடுத்து அமுக்கினார். மை காய்ந்திருந்தது, விழவில்லை. வாயால் ஊதி மறுபடியும் அமுக்கினார். "சீசன் நேரம். மத்தியானம் வந்துரு" என்றார். அவ்வளவுதான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். கவுண்டரில் இருந்த பெண்மணி சீலைப் பார்த்தார். அட்டையில் மகன் என்று இருந்ததை அடித்து, மகள் என்று எழுதினார். கேட்பதற்கு அவரிடம் இன்னும் பத்துக் கேள்வி இருந்திருக்கும், கேட்கவில்லை. டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டு அக்காவை அரைமணி நேரம் பார்த்தார். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அம்மாவிடம் சொன்னாராம். ஊசி போட்டு, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அப்பா மொபெட்டை மிதித்துக் கிளப்பி வேலைக்குப் போய்விட்டார். போகும்போதும் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டில் எங்களை உட்காரவைத்துவிட்டு அம்மா டீ வாங்கப் போனாள். அக்கா என் மேல் சாய்ந்திருந்தாள். அப்பாவின் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, அப்பா இன்னைக்கு அம்புட்டுப் பேருக்கு முன்னாடி என்னமாப் பொய் சொன்னாக தெரியுமா? ஒரு தடவகூடத் திக்கல!"

அப்படி ஆரம்பித்து, அப்பா சொன்னதை ஒன்று விடாமல், அவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன்.

அக்கா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். போட்ட ஊசி போதவில்லை போலிருக்கிறது என்று பயந்து, நான் அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.