அக்கா வெளியிட்ட திருத்தம்

அக்காவுக்கு ஓர் அறிவியல் இதழில் வேலை. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் அடுக்கியிருக்கும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, மூலத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் கட்டுரை திரும்பிப் போய்விடும். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவருவாள். நாங்கள் ஆசையாக வம்பளக்கும்போது, "யாரு சொன்னது?" என்பாள். பேசுகிற வாய்க்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

போன மாதம், சித்தப்பா வீட்டை விற்கப்போகிறார் என்று அவரைத் தவிர எல்லோரும் பேசிக்கொண்டோம். அக்கா மூலத்தைத் தேடிக் கிளம்பிவிட்டாள். அம்மாவுக்குச் சொன்னது அத்தை. அத்தைக்குச் சொன்னது மாமா. மாமாவுக்குச் சொன்னது நான்.

"உனக்கு யாருடி சொன்னது?"

"நீதான்! 'சித்தப்பா வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறாரு, விக்கப்போறாரோ என்னவோ'ன்னு சாப்பிடும்போது சொன்னியே."

அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் அசரவில்லை. தவறு வந்தால் அவளுடைய இதழில் திருத்தம் வெளியிடுவார்கள். அதே முறைப்படி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: "சித்தப்பா வீட்டை விற்கவில்லை. தவறான தகவலுக்கு வருந்துகிறேன்."

உடனே சித்தப்பாவின் பதில் வந்தது: "விக்கலேன்னு யாரும்மா சொன்னது? நேத்துதானே அட்வான்ஸ் வாங்கினேன்!"