ரோஸ் நிறத்தில் வந்த பிளாஸ்மா

தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஊசி குத்தியவள் நான். கைவேகத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. குற்றால சீசன் நேரத்தில் காய்ச்சல்காரர்கள் வாசல் வரை நிற்பார்கள். சிரிஞ்சில் ரத்தம் இழுத்து, ஊசியைக் கழற்றாமலே டியூப் மூடியில் குத்தி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. அடுத்த ஆள்! ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம்தான் அந்தத் திமிர் இறங்கியது.

1. சூப்பர்வைசர்

சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு இதய நோயாளிகளின் ரத்தம் கேட்டு எங்கள் லேபுக்கு வந்தது. பொறுப்பாளர் நிவேதாவுக்கு என் மகள் வயது.

"ஜீன்ல இருந்து புரோட்டீனுக்கு ஆர்டர் கொண்டுபோறது ஒரு ஆர்.என்.ஏ., அக்கா. நாங்க தேடுற மைக்ரோ ஆர்.என்.ஏ. புரோட்டீனே செய்யாது. அந்த ஆர்டரைப் பிடிச்சு நிறுத்தும். இதயம் பழுதானா ரத்தத்துல கசியும்."

"அப்பம், தான் ஒண்ணும் செய்யாம மத்தவன அடக்கி வைக்கித சூப்பர்வைசர்னு சொல்லுங்க" என்றேன். எங்கள் சூப்பர்வைசர் பின்னால் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன்.

2. இரண்டாவது குத்து

கீழப்பாவூர் சண்முகையா அண்ணாச்சி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். ரத்தம் கொடுக்க வந்த மறுநாள் அவருக்கு பைபாஸ். அவருடைய அப்பா, அண்ணன் இருவரையும் மாரடைப்பு கொண்டுபோயிருந்தது.

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? என் மவன் காலத்துலயாவது முன்கூட்டியே சொல்லுத மாதிரி ஒரு டெஸ்ட் வரட்டும்" என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தம் வேண்டும். அன்றைக்கு விட்டால் கிடையாது.

வழக்கம்போல ஒரே அழுத்து. சென்ட்ரிபியூஜில் சுற்றி எடுத்தால் பிளாஸ்மா இளமஞ்சளாக இருக்க வேண்டும். மாதுளை கழுவிய தண்ணீர் மாதிரி ரோஸாக இருந்தது.

நிவேதாவின் முகம் சுண்டிப்போனது. "சிவப்பணு உடைஞ்சிருச்சு. அதுக்குள்ள இருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. எல்லாம் கொட்டிருச்சு. இதயத்துது எதுன்னு இனி பிரிக்க முடியாது."

'டியூப் மட்டம்' என்று வாய் வரை வந்தது. ரோஸ் வந்தபோதெல்லாம் நான் திட்டியது டியூப் கம்பெனியைத்தான். ஆனால் அழுத்தியது என் கட்டைவிரல். எனக்கே கூசியது.

வாசலுக்கு ஓடினேன். அண்ணாச்சி மனைவியோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தப்பு எம்மேல. வேகமா அமுக்கிட்டேன், ரத்தம் கெட்டுப்போச்சு. இன்னொரு தடவ கை நீட்டுவியளா?"

"நாளைக்கு நெஞ்சப் பொளக்கப் போதாவ, இப்பம் மறுபடியும் ஊசியா?" என்று அவர் மனைவி சீறினார்.

அண்ணாச்சி சிரித்தபடி இறங்கினார். "பட்டாளத்துல ஒரு ஆபீசரும் தப்ப ஒத்துக்கிட்டதில்ல. நீ ஒத்துக்கிடுத. குத்து தாயி. ஆனா மெதுவா."

இந்த முறை சிரிஞ்ச் இல்லை; நிவேதா தந்த ஊசி ஹோல்டரில் நேராக டியூபை மாட்டினேன். அது தானாக இழுத்து நிறையும்வரை கட்டைவிரலை மடக்கியே வைத்திருந்தேன். சுற்றி எடுத்தோம். இளமஞ்சள்! நிவேதா கைதட்டினாள்.

"இதுவா எம் ரத்தம்? மஞ்சத்தண்ணியால்லா இருக்கு!" என்றார் அண்ணாச்சி.

அடுத்த சீசனில், ஆபரேஷனுக்குப் பிந்தைய சாம்பிள் கொடுக்க வந்தார். டாக்டர் அனுமதியோடு ஐந்தருவியில் ஓரமாக நின்று தலை நனைத்திருந்தார். கையில் நேந்திரங்காய் சிப்ஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது ஊசி பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: டியூபைத் திட்டும் முன் உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். அவர் கேட்ட டெஸ்ட் இன்னும் வரவில்லை. ஆனால் அவர் மகனுக்காகக் கொடுத்த ரத்தம் சென்னையில் ஒரு பிரீசரில், மஞ்சளாக, பத்திரமாக இருக்கிறது.