மடியில் வாங்கிக்கொண்ட பை

இன்று காலை, ஆபீஸ் போகும் பஸ்ஸில்...

மயிலாப்பூரில் ஏறினேன். உட்கார இடமில்லை. தோளில் லேப்டாப் பை. (பை மட்டும்தான் கனமா என்று கேட்காதீர்கள்!)

டீமில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வேலையும் இப்போது என் தலையில்.

போதாக்குறைக்கு, "ஃபிளாட்டை இடிக்கப் போறோம், சீக்கிரம் காலி பண்ணுங்க" என்று ஹவுஸ் ஓனர்.

ஒழுங்காகத் தூங்கிப் பல வாரம் ஆகிறது. படுத்தால் கண் மூடும், மூளை மூடாது! இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் விழுந்துவிடுவேன் என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

சீட்டில் இருந்த ஒரு அக்கா என்னையே பார்த்தார்.

"இன்னாத்துக்குமா அத்தத் தூக்கிக்கினு நிக்கிற? குடு, மடியில வச்சிக்கிறேன்."

"பரவால்லக்கா."

"எனக்கு இன்னா, கை ஒடிஞ்சா பூடும்? குடும்மா!"

கொடுத்தேன். போனையும் பையின் வெளிப் பாக்கெட்டிலேயே போட்டுவிட்டேன்.

மெட்ரோ வேலையால் பஸ் ஊர்ந்தது. முகத்தில் வெயிலும் மரநிழலும் மாறி மாறி விழுந்தன. தோள் இவ்வளவு லேசாக இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

மந்தைவெளியில் இறங்குவதற்காக அக்கா எழுந்து, தன் சீட்டில் என்னை உட்கார வைத்தார். பையை என்னிடம் தரவில்லை! ஜன்னலோரம் இருந்த மாமியின் மடியில் வைத்தார்.

"பொண்ணு மூஞ்சே சரியில்ல. நீ கொஞ்சம் வச்சிக்கமா. தூங்கிக்கினு வரட்டும்."

மாமி ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

ஆற்றுப் பாலத்தில் காற்று வந்தது. கண்டக்டரின் விசில் எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போல இருந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

விழித்தால், திருவான்மியூர் டெர்மினஸ். பஸ்ஸே காலி. என் தலை மாமியின் தோளில்! என் பை மாமியின் மடியில்!

"மாமி, நீங்க எங்க எறங்கணும்?"

"அடையார்ல. அது எப்பவோ போயிடுத்து."

"ஐயோ, என்னை எழுப்பியிருக்கலாமே!"

"மனசு வரலைம்மா. திரும்பிப் போறதுக்கு பஸ்ஸா இல்லை?"

ஸாரி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. மாமி முதுகைத் தடவிக் கொடுத்தார். கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போதுதான் சொன்னார்.

"உன் போன் அடிச்சுண்டே இருந்துது. யாரோ மேனேஜராம். 'கொழந்தை அசந்து தூங்கறா, எழுந்தப்புறம் பேசுவா'ன்னு சொல்லி வெச்சுட்டேன்."

குழந்தைக்கு வயது முப்பத்தாறு.

மேனேஜர் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை!