ஈயைப் பார்க்க ஒருவர், கேள்வி கேட்க ஒருவர்

சென்ற சனிக்கிழமை காலை நுண்ணோக்கியின் உறையை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்து ஊரான வெலிங்டனிலிருந்து பேருந்தில் வரும் தோழி கமலவேணிக்காகக் காத்திருந்தேன். அவளுக்குப் பதில் தொலைபேசி வந்தது. அவள் அண்ணன் மகன் பேசினான். "ஏனுங்க பெரியம்மா, அத்தை விடியக்காலைல தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க."

வீட்டு வேலைக்கு வரும் மேரியிடம் வெள்ளைப் புடவையை எடுக்கச் சொன்னேன். அவள் கோயம்புத்தூரிலுள்ள என் மகன் ஆல்பர்ட்டை அழைத்து, தொலைபேசியை என் கையில் கொடுத்தாள். "இந்த மழையில எங்கயும் போகாதீங்கம்மா. ரோட்டுல காட்டெருமை நிக்குதாமே. நாளைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். வாசல் கேட்டின் சாவி மேரியிடம்தான் இருக்கும். அது அவன் ஏற்பாடு. அவன் வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. போய் நின்று அழ முடியாதவள் உட்கார்ந்த இடத்திலிருந்து செலுத்தும் அஞ்சலி இது.

தேயிலைப் பூச்சிகளை ஆராயும் கூடத்தில் நானும் கமலாவும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். தோட்டங்களிலிருந்து வரும் புழுக்களைப் புட்டிகளில் வளர்ப்போம். சில புழுக்களிலிருந்து அந்துப்பூச்சி வராது, ஈ வரும். புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்த ஒட்டுண்ணி ஈ. பார்வைக்கு வீட்டு ஈயைப் போலத்தான் இருக்கும். உடம்பெல்லாம் முரட்டு முடி. அது எந்த இனம் என்று கண்டுபிடிப்பதற்கு எங்கள் துறையில் 'கீ' என்று ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. படிக்கு இரண்டு விவரங்கள். இறக்கை நரம்பு வளைந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா? முதுகின் கடைசித் தகட்டுக்கு அடியில் புடைப்பு உண்டா, இல்லையா? ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரு படியில் தவறினாலும் கீ நம்மை நிறுத்தாது. ஏதோ ஒரு பொய்ப் பெயரில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அதனால் எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். ஒருவர் கீயைப் படிப்பார், மற்றவர் ஈயைப் பார்ப்பார். நான் பார்த்தேன், கமலா படித்தாள். "மொதல்லதுங்களா, ரெண்டாவதுங்களா?" என்பாள். நான் பெயரை முந்திக்கொண்டு சொன்னால் விடமாட்டாள். "எது தெரியுதோ அதைச் சொல்லுங்கக்கா. எது இருக்கணுமோ அதைச் சொல்லாதீங்க." என்னைவிட இளையவள்தான். ஆனால் அந்த மேசையில் என்னை அதட்டிப் பேச அவள் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது.

ஓய்வு பெற்று, என் கணவரும் போன பிறகு, ஒரு கல்லூரியிலிருந்து இனங்காணச் சொல்லி என் வீட்டுக்கு ஈப் பெட்டிகள் வரத் தொடங்கின. ஈயை ஊசியால் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகக் குத்த வேண்டும்; அப்போதுதான் இடப்பக்க முடிகளாவது பிழைக்கும். முதல் பெட்டியில் அத்தனையும் நட்டநடுவில் குத்தியிருந்தன. கொண்டுவந்த இளம் விரிவுரையாளரைக் கமலா ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க சார், இனங்காணக் குடுத்தீங்களா, பிரேதப் பரிசோதனைக்குக் குடுத்தீங்களா?" அவர் இரண்டாவது பெட்டியை ஒழுங்காகக் குத்திக் கொண்டுவந்தார். அன்று அவருக்குத் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தாள்.

தனியாக இருக்கிறேன் என்று ஆல்பர்ட் என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போக வந்த அன்று, பேசியவள் கமலாதான். "தம்பி, உங்க ஃபிளாட்டுல இவங்க என்னங்க பண்ணுவாங்க? டிவியில பேசறவங்க இங்கிலீஷைத் திருத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க." அவன் சிரித்துவிட்டான். "சனிக்கிழமையானா நான் வந்துருவேனுங்க. நான் வர்ற வரைக்கும் இவங்க இங்கயே இருக்கட்டுமே." ஆல்பர்ட் யோசித்தான். "சரி ஆன்ட்டி. நீங்க வர்ற வரைக்கும்." இந்த வீட்டில் நான் இருப்பது அந்த ஒரு பேச்சின் பேரில்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், தோள் தகட்டிலுள்ள மூன்று முடிகள் ஒரே வரிசையிலா, முக்கோணமாகவா என்று கமலா படித்தாள். "வரிசையில்" என்றேன். எழுந்து வந்து தானே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஒண்ணு எப்பவோ உதிர்ந்திருக்குதுங்கக்கா. குழிதான் இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் வந்ததும், "கண்ணாடியை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனுங்க, படிக்க முடியாது. உங்களுக்குத்தான் கீ மனப்பாடமாச்சே, நீங்க சொல்லுங்க, நான் பாக்கறேன்" என்றாள். கண்ணாடி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்தது. கீயின் முதல் கேள்வியைச் சொன்னேன். அதன் பிறகு வாராவாரம் கண்ணாடியை மறந்தாள்.

மாதக் கடைசியில் ஆல்பர்ட் வண்டியோடு வருகிறான். "ஆன்ட்டியே இல்லையேம்மா, இனி இங்க என்ன இருக்கு?" என்று கேட்கிறான். கமலா பாதியில் விட்டுப்போன ஈ ஒன்று நுண்ணோக்கியின் வில்லைக்கு அடியில் இருக்கிறது. அதைப் பற்றிய அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். பதில் சொல்லத்தான் இந்த வீட்டில் ஆளில்லை.

கமலாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, தனியாகப் பார்த்துத் தனியாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற அந்தப் பழக்கத்தை. அது கையில் இருக்க வேண்டுமானால், அவள் என்னைக் கடைசிவரை சொல்லவைக்காத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். எனக்கு நடுப்பார்வை போய்விட்டது; நேரே பார்ப்பது தெரியாது, ஓரம் மட்டும்தான் தெரியும். கண்ணாடி சரியில்லை என்று மகனிடம் சொல்லிவந்தது உண்மையல்ல. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மேரிதான் எழுதுகிறாள்.

"இதையும் எழுதணுங்களாம்மா? தம்பி படிப்பாருங்களே."

"படிக்கட்டும். எழுது."

கமலாவை அறிந்தவர்களே, உங்களில் நல்ல கண்ணும் அவசரமில்லாத மனமும் உள்ள ஒருவர் சனிக்கிழமை காலை இங்கே வர வேண்டும். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகியவள் அல்ல. இப்போது கேட்கிறேன்.