முதுகு வளைந்த விரால்

மகள் முதல் பிள்ளையைப் பெற்று வீட்டில் இருந்த நாட்களில், அவளுக்கு மீன் பிடித்து வருவது என் வேலையாக இருந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் விராலை மிளகும் உள்ளியும் போட்டு ஆக்கிக் கொடுப்பார்கள். புண் ஆறும், பால் ஊறும் என்பார்கள். நான் அதிகம் பேசத் தெரியாதவன். பெற்ற மகளிடம்கூட ஆசையாக ஒரு வார்த்தை சொல்ல வராது. அதனால் நல்ல விராலாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வயல் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் தோணா எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் ஓடுகிறது. விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு அங்கேதான் வலை வீசுவேன். பிடிபட்ட விரால்களில் சிலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது. வால் கரி பூசியதுபோலக் கறுத்திருந்தது. கிழட்டு மீன் என்று நினைத்தேன். துண்டு போட்டால் வளைவு தெரியாது. மனைவி ஆக்கினாள், மகள் சாப்பிட்டாள்.

ஒரு நாள், மீன்குஞ்சு விட இடம் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் என் கூடையை எட்டிப் பார்த்தார்.

"இது ஈயம் செய்ற வேல மாதிரிக் கெடக்கு. மேல எங்கயும் பற்றரி உடைக்கிறாங்களா?"

"ஓம்," என்றேன்.

"அப்ப இத வீட்ட கொண்டு போகாதீங்க. பால் குடுக்கிற பொம்புளைக்குக் கூடவே கூடாது."

பற்றரி உடைப்பது என் மனைவியின் தம்பி. எங்கள் ஊரில் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. நான் இருப்பதும் அவர்கள் குடும்பத்து வளவில்தான். மச்சான் பழைய ஓட்டோ பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, வலைகளுக்குக் குண்டு வார்த்து விற்கிறார். கழுவும் தண்ணீர் தோணாவுக்குப் போகும். அன்று பகலே அவருடைய பட்டறைக்குப் போனேன்.

"மச்சான், அந்தத் தண்ணிய தோணாக்குள்ள ஊத்தாம உட்டா நல்லம். மீனெல்லாம் வால் கறுத்துக் கெடக்கு."

அவர் சிரித்தார். "என்ட ஈயக்குண்டப் பல்லால கடிச்சிக்கிட்டுத்தானே இவ்வளவு காலமும் வல வீசுறீங்க! ஒங்களுக்கு வால் கறுத்திட்டா மச்சான்?"

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வலையின் ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் வீச வேண்டும். அவர் சொன்னது உண்மை. மகள் சாப்பிட்டதைச் சொல்லியிருந்தால் சிரிப்பை நிறுத்தியிருப்பார். அவர் தூக்கி வளர்த்த அக்கா மகள் அவள். ஆனால் அத்தனை ஆண்களுக்கு முன்னால் என் மகளின் பாலைப் பற்றி எப்படிக் கதைப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

பிறகொரு நாள் மனைவி போய்ச் சொன்னதும் அவர் ஒரு குழி வெட்டினார். மாரி மழையில் குழி நிரம்பித் தோணாவுக்கே வழிந்தது.

பட்டறையிலிருந்து வந்த அன்று, சந்தையில் கடல் மீன் வாங்கிக் கொடுத்தேன்.

"விரால் படல்லயா வாப்பா?" என்று மகள் அறைத் திரைக்குள்ளிருந்து கேட்டாள்.

அதிகாரி சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப நான் திண்டதெல்லாம்?"

"தெரியா மகள்."

உள்ளே பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை வீரிட்டது. அவள் அதை மார்பிலிருந்து எடுத்துவிட்டாள் என்று விளங்கியது. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. திரைக்கு வெளியே நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, அங்கிருந்து போகவும் மனம் வரவில்லை.

கடைசியில் அவள், ஒவ்வொரு தரமும் பால் கொடுக்கத் தொடங்கும்போது சொல்வதுபோல, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்வது கேட்டது. அழுகை நின்றது.